எண்ணிக்கை விட்டுப்போன ஆடிச்சுற்று

1

இங்கே ஆடி மாதம் என்றால் கம்பளிக் காலுறை. அடிலெய்டில் அப்போது நடுக்குளிர்காலம். காலை ஏழு மணிக்குக்கூட வெளிச்சம் வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டுதான் வரும். போன வருடம் இதே நாட்களில், ஊரில் சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குக் கொடி ஏறியிருந்த நேரம், நான் இந்த அடுக்களை மேஜையில் உட்கார்ந்து ஒரு படிவத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தமிழ்ச் சங்கம் வருடத்துக்கு ஒரு மாணவிக்கு உதவித்தொகை கொடுத்து இங்கே படிக்க வைக்கிறது. அப்படிக் கொடுக்கும் அமைப்பில் ஒருவர், மாணவிக்கு ஏதாவது தொந்தரவு நேர்ந்தால் அதைக் கேட்டுக்கொள்ளும் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். கூட்டத்தில் எல்லோரும் ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். நான் கொஞ்சம் தாமதமாகக் குனிந்தேன். பொறுப்பு என் தலையில் விழுந்தது.

அதற்கு அரசாங்கச் சான்று வேண்டும். சான்றுக்கு, பிறந்ததிலிருந்து வசித்த ஊரெல்லாம் எழுத வேண்டும். என் பாஸ்போர்ட்டில் சங்கரன்கோவில் ஒரு விதமாகவும், பள்ளிச் சான்றிதழில் இன்னொரு விதமாகவும், கல்யாணப் பதிவில் மூன்றாவது விதமாகவும் ஆங்கிலத்தில் இருக்கிறது. தொலைபேசியில் பேசிய அலுவலர், மூன்று ஊரிலும் எத்தனை எத்தனை வருடம் இருந்தீர்கள் என்று கேட்டார். ஊர் ஒன்றுதான், எழுதிய குமாஸ்தாக்கள் மூன்று பேர் என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரிக்கிற மாதிரி இங்கிலீஷில் சொல்ல இருபத்தைந்து வருடம் கழித்தும் எனக்கு வரவில்லை.

சான்று வந்த பிறகு ஒரு பயிற்சி. கணினி முன்னால் உட்கார்ந்து பாடம் கேட்டு, கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். மூன்றாவது கேள்வி இது: உதவி பெறும் மாணவிக்கு, அந்த உதவியைக் கையில் வைத்திருப்பவராலேயே தொல்லை என்றால், அவரைத் தாண்டிச் சொல்ல அவளுக்கு யார் இருக்கிறார்?

நான் காபியை ஆற விட்டுவிட்டு அந்தக் கேள்வியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு ஒருவர் இருந்தார். வருடத்தில் பத்து நாள் மட்டும், கோயிலைச் சுற்றிக்கொண்டு.

2

எண்பதுகள் தொடங்கிய நேரம். நான் ப்ளஸ் ஒன். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் பகலெல்லாம் விசைத்தறிச் சத்தம். வீட்டுக்குள் பேசுவதென்றாலும் கத்தித்தான் பேச வேண்டும். இன்றைக்கும் நான் போனில் கத்துவதாக என் மகள் நிலா சொல்கிறாள். அது தறி வாங்கிக் கொடுத்த தொண்டை.

எங்கள் பக்கத்திலிருந்து மெட்ராஸுக்குப் போய் நன்றாக இருந்த ஒரு குடும்பம், ஊர்ப் பெண்பிள்ளைகள் பதினோரு பேருக்குப் படிப்புதவி கொடுத்துவந்தது. அதை ஊரில் நடத்திக்கொடுக்க ஒருவரை வைத்திருந்தார்கள். அவரை எல்லோரும் செக்ரெட்டரி என்பார்கள். பெயரை எழுத மாட்டேன். அவருடைய பேரப்பிள்ளைகள் நல்லவர்கள். இதைப் படிக்கவும் கூடும்.

ஒவ்வொருத்திக்கும் ஒரு கார்டு உண்டு. அதில் வாராவாரம் செக்ரெட்டரி கையெழுத்துப் போட்டால்தான் உதவி தொடரும். கையெழுத்துக்குச் சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போக வேண்டும். அவருக்குச் சொந்தமாகத் தறிகள் இருந்தன. போனவுடன் கார்டை வாங்கி வைத்துக்கொள்வார். நாங்கள் பின்கட்டில் உட்கார்ந்து தார் சுற்றுவோம். தார் என்பது, தறியில் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்ன நூல்குச்சி. பதினோரு பேர் சேர்ந்து ஒரு வாரத்துக்கு வேண்டியதைச் சுற்றிவிடுவோம். சாயங்காலம் கையெழுத்து ஆகி, கார்டு திரும்பி வரும்.

இதை அநியாயம் என்று யாரும் நினைக்கவில்லை. "படிப்புக்கு வழி பண்ணித் தாராரு, நாலு தார் சுத்திக் குடுத்தா கையா தேஞ்சு போகும்?" என்று அம்மாவே கேட்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வேகமாகச் சுற்றுகிறவள் என்று எனக்குப் பெருமைகூட இருந்தது. வெட்கக்கேடு.

வருடத்துக்கு ஒருமுறை மெட்ராஸுக்கு நன்றிக் கடிதம் போகும். செக்ரெட்டரி சொல்லச் சொல்ல நாங்கள் எழுதுவோம். பிழை பார்ப்பதற்கு என்று அவரே வாங்கிப் படித்துவிட்டு, அவரே தபாலில் சேர்ப்பார். "இங்கு எங்களுக்கு ஒரு குறையும் இல்லை" என்பது கடைசி வரி. என் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். என்னுடையதுதான் எல்லோருக்கும் மாதிரிக் கடிதம்.

3

பயிற்சி முடித்து, என் பெயர் போட்ட அட்டை வந்த வாரம், நிலா வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் இங்கே பிறந்தவள். கோயிலுக்குக் கூப்பிட்டால் கால் வலிக்கும். மலை ஏறக் கூப்பிட்டால் வலிக்காது. தமிழ் புரியும், பேசும்போது நடுநடுவே தடுக்கும். இந்தப் பிள்ளை நம்மைவிட்டுக் கழன்றுகொண்டே போகிறது என்று நான் ஊருக்குப் போன் பண்ணும்போதெல்லாம் புலம்பியிருக்கிறேன்.

அட்டையைப் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் யாரும்மா?" என்றாள்.

"ரேவதி. ஈரோட்டுப் பக்கம். தங்கமான பொண்ணு. சங்கத் தலைவர் வீட்லதான் தங்கியிருக்கா. சமையலும் அவதான், பிள்ளைங்கள ஸ்கூல்ல கொண்டுபோய் விடுறதும் அவதான். சித்திரை வருஷப் பிறப்புக்கு நாப்பது பேருக்கு இடியாப்பம் பிழிஞ்சா தெரியுமா?"

"படிக்கத்தானே வந்தாங்க?"

"படிக்கவும் செய்றா. தலைவரோட சம்சாரம் அவள வீட்டுப் பொண்ணு மாதிரி வச்சிருக்காங்க."

நிலா அட்டையைத் திருப்பி என் கையில் கொடுத்தாள். "அவங்க ஒருநாள் வேணாம்னு சொன்னா என்ன ஆகும்மா?"

ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் நினைவு வந்தது: ஒவ்வொரு பருவத்துக்கும் ரேவதியின் உதவி தொடரத் தலைவர் ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கடிதத்தின் வாசகத்தைப் போட்டுக்கொடுத்தது நான். அந்த இடியாப்பத்தை மூன்று தடவை வாங்கித் தின்றதும் நான்தான்.

4

செண்பகம் என் வகுப்புத் தோழி. எங்கள் வகுப்பில் நான்கு கோமதிகள் இருந்தோம். எங்கள் ஊர் அம்மன் பேர் என்பதால் வீட்டுக்கு ஒரு கோமதி. செண்பகம் ஒருத்திதான். கணக்கில் புலி. வாத்தியார் தப்பாகப் போட்டால் சத்தம் போடாமல் எழுந்து நிற்பாள். அவராகத் திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்வார். அவளுக்கு டீச்சர் ஆக வேண்டும். அவள் அப்பாவுக்கு, அவள் படிப்பை நிறுத்தித் தறியில் நின்றால் வீட்டுக்கு ஒரு ஆள் ஆச்சு. அந்த உதவி வந்தவரைக்கும்தான் அவர் வாயை மூடிக்கொண்டிருந்தார்.

தை மாதம் ஒரு சனிக்கிழமை எல்லோருடைய கார்டும் வந்தது, செண்பகத்தின் கார்டு மட்டும் வரவில்லை. "மாடியில நூல் ரூம்ல இருக்கு. நீ மட்டும் வந்து வாங்கிக்கோ" என்றார் செக்ரெட்டரி. அவள் என்னைப் பார்த்தாள். வழக்கமாக அவர் கார்டை நடுமுற்றத்தில்தான் கொடுப்பார். எனக்கு வீட்டுக்குப் போகிற அவசரம்.

"போயிட்டு வாட்டி. ஒரு கையெழுத்துதானே" என்றேன்.

அவள் தார்க்கூடையையும் தூக்கிக்கொண்டு ஏறினாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. உடனே கூடை விழுகிற சத்தம். செண்பகம் படியில் உருண்டு விழாத குறையாக ஓடிவந்து, எங்களைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டாள். தார்க்குச்சிகள் ஒவ்வொன்றாகப் படியில் இறங்கி வந்தன. மேலேயிருந்து செக்ரெட்டரி, "பூனை ஏதோ ஓடுச்சு, பிள்ள பயந்துட்டா" என்று சிரித்தார். நாங்கள் பத்துப் பேரும் குனிந்து குச்சிகளைப் பொறுக்கினோம். பொறுக்கிக் கூடையில் அடுக்கியும் வைத்தோம்.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். கிணற்றடியில் வைத்துச் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டுக் கையைப் பிடித்திருக்கிறார். இவள் கூடையை அவர் முகத்தில் எறிந்துவிட்டு ஓடிவந்திருக்கிறாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ எதையாவது தப்பா எடுத்துக்கிட்டியோ?" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சனிக்கிழமைகளில் வரவும் இல்லை. கார்டு திரும்பி வராமலே மாசி, பங்குனி போயிற்று. "படிப்பில் அக்கறை இல்லாத பெண்" என்று செக்ரெட்டரி மெட்ராஸுக்கு எழுதிவிட்டதாகவும், ஆடியோடு அவள் பெயரை எடுத்துவிடுவார்கள் என்றும் பேச்சு வந்தது. செண்பகத்தின் அப்பா வேறொரு தறிக்காரரிடம் போய் அவளை வேலைக்கு விடப் பேசிவிட்டு வந்தார். யாரிடம் சொல்வது? தலைமையாசிரியை செக்ரெட்டரியை எழுந்து நின்று வரவேற்பவர். மெட்ராஸ் விலாசம் எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. எழுதுகிற கடிதமும் அவர் கை வழியாகத்தான் போக வேண்டும். போ என்று சொன்ன வாய் என்னுடையது.

5

அந்த மெட்ராஸ் வீட்டு அம்மா ஒவ்வொரு ஆடிக்கும் எங்கள் ஊருக்கு வந்துவிடுவார். வந்து ஆடிச்சுற்று சுற்றுவார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அம்மன் ஒற்றைக் காலில் தபசு நிற்கிறாள், அந்தக் கால்வலியில் கொஞ்சத்தை நாமும் வாங்கிக்கொள்வதாக, கொடி ஏறியதிலிருந்து சனங்கள் கோயில் பிராகாரத்தைச் சுற்றுவார்கள். நூற்றெட்டு, ஐந்நூற்றொன்று என்று அவரவர் நேர்ந்துகொண்டபடி. அந்த அம்மாவுக்கு ஐந்நூற்றொன்று. உதவி பெறும் பிள்ளைகளில் ஒருத்தி கூடவே போய் எண்ண வேண்டும். ஒரு சுற்று முடிந்தால் ஒரு புளியங்கொட்டையை இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாற்ற வேண்டும். அந்த வருடம் எண்ணுகிற ஆளாக, கையெழுத்து நல்ல பிள்ளை என்று செக்ரெட்டரி என்னைத்தான் விட்டார்.

இரண்டாம் நாள் காலை செண்பகத்தை வரச் சொன்னேன். கார்டை நிறுத்தலாம், கோயிலைச் சுற்றுகிறவளை யார் நிறுத்துவது? கூட்டத்தோடு கூட்டமாக எங்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்துகொண்டாள். நானே பேசிவிடுவது என்றுதான் ஏற்பாடு. "அம்மா, இவ செண்பகம்" என்றேன். அதற்குமேல் நாக்கு அசையவில்லை.

"கார்டு நின்னுபோன பொண்ணா?" என்றார் அந்த அம்மா, நடையை நிறுத்தாமல்.

"ஆமாம்மா. ஏன் நின்னுச்சுன்னு நான் சொல்லுதேன்" என்றாள் செண்பகம்.

ஒரு சிக்கல் இருந்தது. செக்ரெட்டரி ஊர்ப் பெரியவர்களோடு கொடிமரத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் அவர் முன்னால் போய்த்தான் ஆக வேண்டும். அதனால் செண்பகம் மற்ற மூன்று பக்கமும் பேசுவாள். மண்டபம் இருக்கிற பக்கம் வந்தால் வாயை மூடிக்கொள்வாள். நான் இடதுபக்கமாக வந்துவிடுவேன், அவள் முகம் அவருக்குத் தெரியாதபடி. அந்த அம்மா செக்ரெட்டரியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நடப்பார். திருப்பம் வந்ததும், "அப்புறம்?" என்பார்.

சனிக்கிழமை ஒரு சுற்று. தார் ஒரு சுற்று. மாடியறை பாதிச் சுற்று. அந்தப் பாதியில் செண்பகத்தின் குரல் இரண்டு இடத்தில் நின்று மறுபடி வந்தது. அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"மூணு வருஷமா ஒரு குறையும் இல்லைன்னு நீதானே எழுதினே? உன் லெட்டரை நான் பத்திரமா வச்சிருக்கேன்."

"அது அவரு சொல்லச் சொல்ல எழுதுனதும்மா. படிச்சுப் பாத்துட்டு அவருதான் போடுவாரு."

"எங்களுக்கு நேரா எழுத வேண்டியதுதானே?"

"விலாசம் தெரியாதும்மா."

அவர் முகம் சுருங்கிவிட்டது. அடுத்த இரண்டு சுற்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வெயில் ஏறிக் கல் சுட ஆரம்பித்தது. பிறகு அவர் செண்பகத்திடம் இரண்டே கேள்வி கேட்டார். மறுபடி அங்கே போனாயா? வேறு பிள்ளைகளையும் தனியாகக் கூப்பிட்டிருக்கிறாரா? முதல் கேள்விக்கு இல்லை என்றாள். இரண்டாவதற்கு, "கேட்டாத்தாம்மா தெரியும். எங்ககிட்ட யாரும் இதுவரை கேக்கல" என்றாள்.

செண்பகம் கூட்டத்தில் கலந்து போன பிறகு, மண்டபத்துக்கு முன்னால் வந்து நின்றபோது அந்த அம்மா, "எத்தனை ஆச்சு?" என்றார். நான் பையைப் பார்த்தேன். எப்போதிலிருந்தோ கொட்டையை மாற்றவே இல்லை.

"கணக்க விட்டுட்டியா? ஏ கழுத, இதுக்கா ஒன்னைய விட்டேன்?" என்று செக்ரெட்டரி எழுந்து வந்தார்.

"அவளைத் திட்டாதீங்க. நான் நாளைக்கு ஒண்ணுலேருந்து சுத்திக்கிறேன்" என்றார் அந்த அம்மா. ஐம்பது வயதுக்கு மேல், முழங்கால் வீக்கத்தோடு, அப்படியே சுற்றினார். மிச்சமிருந்த எட்டு நாளும் தினம் ஒரு பிள்ளையை, கடைசி நாள் மட்டும் இரண்டு பேரை, கூட அழைத்துக்கொண்டார். பதினோரு பேரோடும் பேசிய பிறகுதான் மெட்ராஸுக்கு ரயில் ஏறினார்.

6

ஆவணியில் செக்ரெட்டரி மாறினார். "உடல்நிலை காரணமாக" என்று சொன்னார்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. மனிதர் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். பல வருடம் வெள்ளை வேட்டியில் எல்லாக் கல்யாணத்துக்கும் முன்வரிசையில் உட்கார்ந்தார். மற்றபடி எல்லாம் நல்லபடி நடந்தது. கார்டில் கையெழுத்து பள்ளிக்கூடத்திலேயே, எல்லோர் முன்னாலும். எந்தப் பிள்ளையும் உதவிக்காக யார் வீட்டுக்கும் போகக் கூடாது. ஆளுக்கு ஆறு இன்லேண்டு லெட்டர், மெட்ராஸ் விலாசம் எழுதி வந்தது. நாமே எழுதி நாமே பெட்டியில் போடலாம். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வந்து படித்த பிள்ளை, பஸ் லேட்டாக வருகிறது என்று மெட்ராஸுக்குப் புகார் எழுதினாள். அதற்கும் பதில் வந்தது.

செண்பகத்தின் பெயரை எடுக்கவில்லை. அவள் அப்பா தறிக்காரரிடம் போய்ப் பேச்சை மாற்றிவிட்டு வந்தார். அவள் டீச்சர் ஆனாள். வாசுதேவநல்லூரில் ரிட்டயர் ஆகும்வரை கணக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

போன வருடம், நிலா கேட்ட மறுவாரம், ரேவதியை நடக்கக் கூப்பிட்டேன். எங்கள் பகுதியில் ஒரு விளையாட்டு மைதானம் உண்டு, சுற்றிலும் நடைபாதை. எதிரெதிரே உட்கார வைத்துக் கேட்டால் சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் நடந்தால் முகம் பார்க்க வேண்டாம்.

முதல் சுற்று, "நல்லா இருக்கேனுங்க அக்கா." என் வயதுக்கு அக்கா என்பது அவள் கருணை. இரண்டாவது சுற்று, "அவங்க நல்லவங்கதானுங்க." நாலாவது சுற்றில், காலை வகுப்புக்கு அவள் போயே பல வாரம் ஆகிறது என்பது வந்தது. பிள்ளைகளைப் பள்ளியில் விட வேண்டும். சமையல் முடிக்க வேண்டும். ஒருநாள் தேர்வு இருக்கிறது என்று சொன்னதற்கு, அடுத்த கடிதத்தை நினைவில் வைத்துக்கொள் என்று தலைவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

"நான் ஏதாச்சும் தப்பா எடுத்துக்கிட்டனுங்களாக்கா?" என்று கேட்டாள்.

நான் நின்றுவிட்டேன். "இல்லம்மா. நீ எடுத்துக்கிட்டதுதான் சரி" என்றேன். இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

கல்லூரிக்கும் சங்கத்துக்கும் எழுதிக் கொடுத்தேன். சங்கத்தில் ரகளை. உப்புப் பெறாத விஷயம் என்றார்கள், வீட்டு விஷயம் என்றார்கள், நீயும்தானே இடியாப்பம் சாப்பிட்டாய் என்றார்கள். ஆமாம், அதையும் புகாரில் எழுதியிருக்கிறேன் என்றேன். ரேவதி இப்போது கல்லூரிப் பக்கத்தில் இரண்டு தோழிகளோடு இருக்கிறாள். அவள் படிப்பைப் பற்றிக் கல்லூரிதான் எழுதுகிறது. கேட்டுக்கொள்ளும் பொறுப்பில் என்னோடு, சங்கத்துக்கு வெளியே இருந்தும் ஒருவர் இருக்கிறார். தலைவர் வீட்டுக் கொலுவுக்கு எனக்கு அழைப்பு இல்லை. சுண்டல் நானே செய்துகொள்கிறேன். ஆனால் நிலா இப்போது சில ஞாயிறு காலை என்னோடு மைதானத்துக்கு வருகிறாள், கால் வலிக்காமல்.

7

இந்த ஆடியில், தபசுக்கு நான்கு நாள் முன்னால், செண்பகத்துக்குப் போன் பண்ணினேன். இங்கே மத்தியானம், அங்கே காலை. கூட்ட இரைச்சலுக்கு நடுவே எடுத்தாள்.

"ஏட்டி, கோயில்லதான் நிக்கேன். சுத்திக்கிட்டிருக்கேன். சொல்லு."

ரேவதி கதையைச் சொன்னேன். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள். பிறகு, எத்தனையோ ஊர்ப் பயணத்திலும் எத்தனையோ கடிதத்திலும் சொல்லாததைச் சொன்னேன்.

"அன்னைக்கு உன்னைய மாடிக்குப் போகச் சொன்னது நான்தான்ட்டி."

பின்னால் வருகிறவர்களுக்கு வழி விட்டு ஒதுங்கினாள் போல, இரைச்சல் குறைந்தது.

"ஆமா, நீதான் சொன்ன," என்றாள். "மறுநாள் கிணத்தடியில ஒண்ணு சொன்ன பாரு, அதத்தான் ரொம்ப நாள் மறக்க முடியல. ஆனா இன்னொன்னும் மறக்கல. மண்டபத்துப் பக்கம் வரும்போதெல்லாம் நீ இடது பக்கம் வந்து என்னைய மறைச்சுக்கிட்டே நடந்த. ஒன் கை நடுங்குனது எனக்குத் தெரிஞ்சுது. பையில கொட்டையெல்லாம் கலகலன்னு சத்தம்."

அழுகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தறித் தொண்டை அழுதாலும் சத்தமாகத்தான் அழும்.

"சரி, அழாத. ஒங்கூடப் பேசி எண்ணிக்கைய விட்டுட்டேன் பாரு," என்றாள் செண்பகம். "போனை வையி. ஒண்ணுல இருந்து சுத்துதேன்."